மூன்று சென்டிமீட்டர்

பாயான் லெப்பாசில் ஒன்பது மணி நேரம்
நுண்ணோக்கியில் கண் வைத்திருப்பவள் நான்.
தலைமுடியைவிட மெலிந்த தங்கக் கம்பி
சிப்பின் ஓரத்தில் சரியாக ஒட்டியிருக்கிறதா,
கீறலா, தூசா, விரிசலா.
சிவப்புப் பொத்தான். அடுத்தது.
சிவப்புப் பொத்தான். அடுத்தது.

ஜெலுத்தோங் பிளாட், பதினோராவது மாடி.
லிஃப்டில் ஏறி வந்த பிறகும்
கண் மட்டும் குனிந்தே இருக்கிறது.
சரி, குனிந்ததுதான் குனிந்தாய்
இதையும் பார் என்று
பத்தொன்பது ரிங்கிட்டுக்கு ஒரு வில்லை வாங்கினேன்,
கைப்பேசியைக் கவ்விக்கொள்ளும் வகை.
பொருளுக்கும் அதற்கும் நடுவே
மூன்று சென்டிமீட்டர்தான் இடம் கொடுக்கும்.
மூச்சு விட்டால் எல்லாம் கலங்கும்.
பிடித்துக்கொண்டால்
ஒரு நூல் அகலத்துக்குத் தெளியும்.

இரண்டு மைலோ டின், மேலே கண்ணாடித் தட்டு,
அடியில் சாயம் போகாத பாத்தேக் சாரோங்.
தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய்,
பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு.
டார்ச்சைச் சாரோங்கின்மேல் சாய்த்ததும்
நிலாக்கள்.
பெரிசும் சிறிசுமாய், ஒன்றையொன்று தொடாமல்,
துணியின் செம்பருத்தியைத்
துண்டு துண்டாய்க் குடித்துக்கொண்டு.

விரல் தானாகத் தேடுகிறது பொத்தானை.
இது வட்டமில்லை. இதற்குள் குமிழ்.
இது ஓரம் நசுங்கியது.
அடச் சீ, உன்னிடம் யார் கேட்டார்கள்?

கேண்டீனில் எட்டிப் பார்த்த சூப்பர்வைசர் நோராய்னி
முகம் வெளிறிக் கேட்டாள்:
இது எந்த லாட்? எத்தனை பீஸ் போச்சு?
சமையல் எண்ணெய் என்றேன்.
நம்பவில்லை.

இரவில் குணாளனுக்கு அனுப்புவேன்.
நெடுஞ்சாலையில் ஏதாவதொரு ஓய்விடத்தில்
லாரியை நிறுத்தியிருப்பான்.
என்ன பொருள், சொல்லு. எங்கள் விளையாட்டு.
வெங்காயச் சருகைத்
தாப்பாவில் விடியக்காலைப் பனி என்றான்.
பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை
ஜொகூர் பக்கம் கட்டுற மேம்பாலம் என்றான்.
கரண்டி முதுகில் வழிந்த கிச்சாப்புக்கு,
மழையில தார் ரோடு,
முன்னால போறவன் பிரேக் போடுறான் பாரு.
அவனுக்கு எல்லாமே சாலை.
சிரித்தேன். எனக்கு மட்டும் என்ன,
எல்லாமே பழுது.

தொழிற்சாலைக்குள் உலோகம் கூடாது.
வேலை நாட்களில் என் தாலி
தேயிலை டின்னின் மூடியில் சுருண்டு கிடக்கும்.
லீவில் எடுத்துப் போடுவேன். சில லீவில் மறப்பேன்.
நேற்று எண்ணெய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு
அதை வைத்தேன், வில்லைக்குக் கீழே.

மூன்று சென்டிமீட்டரில் அது தாலியாய் இல்லை.
பாறைச் சரிவு.
இடுக்கில் என்றைக்கோ பூசிய மஞ்சள்
பொருக்காய் உலர்ந்திருந்தது.
சோப்பு வெளுத்துப் படிந்த ஓடை ஒன்று.
குறுக்கும் நெடுக்குமாய்க் கீறல்கள்.
நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு
எதற்கு எண்ணுகிறேன் என்று நிறுத்தினேன்.

அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.
கெட்டில் கொதித்து அடங்கியது, பதில் இல்லை.

பிறகு ஒரு குரல் பதிவு.
யாரோ மலாயில் தே ஓ ஐஸ் கேட்கிறார்கள்.
அப்புறம் அவன்:
"இது ரோடு இல்ல."
அவ்வளவுதான். பதினேழு விநாடியில்
மிச்சமெல்லாம் எஞ்சின்.

திரும்பக் கேட்டேன். எஞ்சினையும் சேர்த்து.
அதற்குள் தட்டில் நிலாக்கள்
ஒன்றின்மேல் ஒன்று சரிந்து
ஒழுங்கில்லாத ஒரே மஞ்சள் குட்டையாகியிருந்தன.
அதையும் எடுத்தேன். கை ஆடிவிட்டது.

சாரோங்கில் எப்படியோ எண்ணெய் சிந்தியிருக்கிறது.
ஊறப் போட வேண்டும்.